உங்கள் படையலில் போத்தல் வைக்கவில்லை

என்னங்க,

உங்கள் வருசப் படையலுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தபோது அந்த வாடை வந்தது. சாம்பிராணிப் புகையைத் தள்ளிக்கொண்டு மூக்கில் ஏறிய சாராய வாடை. உங்கள் தம்பி போத்தலைத் திறந்து கிளாசில் ஊற்றி, கோழிக்கறிக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டிருந்தார். "அண்ணனுக்குப் புடிச்சத வைக்கணும் மதினி. அதுதான் மொற" என்றார். நம்ம தோட்டத்து லயத்து வீடுகளில் யார் செத்தாலும் அப்படித்தான் வைக்கிறார்கள். படைத்து முடிந்ததும் உயிரோடு இருக்கிறவர்கள் குடிக்கிறார்கள்.

அந்த வாடையை வீட்டைவிட்டு அனுப்ப நாம் பட்ட பாடு உங்களுக்குத் தெரியும். ஆனாலும் சொல்கிறேன்.

பதுளையில் நாம் சாமான் வாங்கும் கடைக்கார நானாதான் முதலில் சொன்னார். பஸ் ஸ்டாண்டில் விழுந்து கிடந்த உங்களை நான் தூக்க முடியாமல் தூக்கியதைப் பார்த்தவர். "புள்ள, சேர்ச்சுக்குப் பின்னால ஒரு மண்டபம் இருக்கு. ஞாயித்துக்கெழம குடிய விட்டவங்க கூடிப் பேசுறாங்க. கூட்டிட்டுப் போயிப் பாருங்களேன்" என்றார். வீட்டுக்கு வந்து அதைச் சொன்னதும் நீங்கள் எகிறினீர்கள். "வேதத்துக்கு ஆள் சேக்குறானுங்க. என் பேர ஜோசப்புன்னு மாத்திருவானுங்கடி!"

இரத்தமாக வாந்தி எடுத்த பிறகுதான் வந்தீர்கள். தெமோதரையில் பஸ் ஏறியதிலிருந்து, "பேரு கேட்டா சொல்லமாட்டேன்" என்று முனகிக்கொண்டே இருந்தீர்கள். அங்கே பேரை மட்டும்தான் கேட்டார்கள். எந்தத் தோட்டம், எந்த லயம், என்ன ஆளுங்க என்று யாரும் கேட்கவில்லை. அதுவே உங்களுக்கு அதிசயமாக இருந்தது.

வட்டமாகப் போட்ட பிளாஸ்டிக் கதிரைகள். வீட்டு ஆட்களும் கூட உட்காரலாம். பென்சன் வாங்கிய பள்ளிக்கூட மாஸ்டர் ஒருவர், மகளின் கலியாணத்தன்று தான் வாழைமரத்தடியில் விழுந்து கிடந்ததைச் சொன்னார். நீங்கள் தலையைக் குனிந்துகொண்டீர்கள். உங்கள் முறை வந்ததும், "நான் இன்னைக்குக் குடிக்கல. நாளைக்குத் தெரியாது" என்றீர்கள். சிரித்துவிடுவார்களோ என்று பயந்தேன். பக்கத்திலிருந்த லொறி டிரைவர், "எனக்கும் தெரியாது அண்ணே. மொதல்ல இதக் குடிங்க" என்று இஞ்சி தட்டிப் போட்ட, பால் விடாத பிளேன்டீயை நீட்டினார். காரம் மூக்கில் ஏற ஏற முழுவதும் குடித்தீர்கள்.

அதன்பிறகு இஞ்சியே நமக்குத் துணையானது. பஸ் ஸ்டாண்டிலிருந்து மண்டபத்துக்குப் போகும் வழியில் சாராயக் கடை. அதைத் தாண்டும்போது உங்கள் நடை தளரும். என் முந்தானை முடிச்சிலிருந்து ஒரு துண்டு உங்களுக்கு, ஒரு துண்டு எனக்கு. "குரங்குதான்டி இஞ்சி திங்கும்" என்பீர்கள். தின்றுகொண்டே தாண்டிவிடுவீர்கள். ஒரு தீபாவளிக்குத் தவறி மறுபடி குடித்துவிட்டீர்கள். "இனி எந்த மூஞ்சியோட போவேன்" என்று அழுதீர்கள். போனோம். மாஸ்டர் ஒன்றும் கேட்காமல் கதிரையை இழுத்துப் போட்டார்.

இதெல்லாம் நினைப்பில் ஓட, எழுந்து அந்தக் கிளாசை எடுத்தேன். உங்கள் தம்பியின் முகம் மாறியது.

"உசுரோட இருக்கும்போதுதான் விடல. செத்தப்பறமும் விடமாட்டீங்களா மதினி? குடிச்சிக்கிட்டு நல்லா இருந்த மனுசன். திடீர்னு விட்டாரு, ஒடம்பு தாங்கல. கூட்டம் கூட்டம்னு கூட்டிட்டுப் போயி கொன்னது யாரு?"

லயமே என் முதுகுக்குப் பின்னால் பேசியதை அவர் என் முகத்துக்கு நேரே கேட்டுவிட்டார். ஈரல் முன்னமே கெட்டுவிட்டது, குடியை விட்டதால்தான் இவ்வளவு காலமாவது இருந்தார் என்று டாக்டர் சொன்னார். மலையில் கொழுந்து எடுக்கும்போது அதை நம்புகிறேன். வீட்டுக்கு வந்து உங்கள் சட்டையைப் பார்த்தால் நம்பமுடியவில்லை.

ஆனால் ஒன்று எனக்கு மட்டும் தெரியும். ஆஸ்பத்திரியில் கண்ணெல்லாம் மஞ்சளாகக் கிடந்தபோது, "இன்னைக்கு ஞாயித்துக்கெழமையா?" என்று கேட்டீர்கள். ஆமாங்க என்றேன். "நான் குடிக்கலன்னு அங்க போயிச் சொல்லிட்டு வா" என்றீர்கள். உங்களை விட்டுவிட்டு எப்படிப் போவேன்? உங்களை மண்ணில் வைத்த பிறகு வந்த ஞாயிறன்றுதான் போய்ச் சொன்னேன். "அவரு குடிக்காமத்தான் போனாரு." மாஸ்டர் எழுந்து நின்றார். பிறகு எல்லோரும் நின்றார்கள்.

"தம்பி, ஒங்க அண்ணன் கடைசியா கேட்டது சாராயம் இல்ல" என்றேன். அடுப்படிக்குப் போய் இஞ்சி தட்டி பிளேன்டீ போட்டேன். ஆவி பறக்க, சாராயக் கிளாஸ் இருந்த இடத்தில் வைத்தேன்.

உங்கள் தம்பி போத்தலைத் தூக்கிக்கொண்டு வாசல்வரை போனார். திரும்பாமலே, "அங்க அப்படி என்னதான் பேசுவீங்க?" என்றார்.

"ஞாயித்துக்கெழம வந்து பாருங்க."

"பேரு கேப்பாங்களோ?"

நீங்களே கேட்டமாதிரி இருந்தது. "பேரு மட்டும்தான் கேப்பாங்க" என்றேன். அவர் போத்தலோடுதான் இறங்கிப் போனார்.

நீங்கள் போனபிறகும் நான் கூட்டத்துக்குப் போகிறேன். இன்னும் ரெண்டு துண்டு இஞ்சிதான் நறுக்குகிறேன், கை மாறமாட்டேன் என்கிறது. உங்கள் துண்டு காய்ந்துபோய் வீட்டுக்குத் திரும்பிவரும். இந்த ஞாயிறு பஸ் வரும்வரை லயத்துப் படிக்கட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன். உங்கள் தம்பி வரவில்லை. அந்தத் துண்டு முந்தானையில்தான் இருக்கிறது. முடிச்சை இன்னும் அவிழ்க்கவில்லை.