மழைக்கு முன்னால்

மார்ச், செவ்வாய் இரவு

வீட்டுக் கடனுக்கு விண்ணப்பித்திருந்தேன். நான் வாங்கப்போகும் மட்டாஞ்சேரி வீட்டை மதிப்பிட வங்கியிலிருந்து இன்று ஒரு என்ஜினியர் வந்தார். அங்கே வாடகைக்கு இருக்கும் ஜமீலா தென்காசிப் பக்கத்துக்காரி. வீட்டை விற்பதை உரிமையாளர் ஜோசப் அவளிடம் இன்னும் சொல்லவில்லை. ஒழுகும் ஓட்டுக் கூரையைப் பார்க்க ஆள் வருகிறது என்று சொல்லி வைத்திருக்கிறார். இதை வாசலில் வைத்துத்தான் எனக்கே சொன்னார். நான் திரும்பிப் போகவில்லை.

ஜமீலா கட்டிலை நகர்த்தி, ஈரம் ஏறிய சுவரையெல்லாம் காட்டினாள்.

"ரெண்டு வருஷமா கெஞ்சுறேன் சேச்சி. ஜோசப் சேட்டன் இப்பதான் கண்ணு முழிச்சிருக்காரு. நீங்க நம்ம தமிழாளு, நல்லா அழுத்திச் சொல்லுங்க."

ஜோசப் சிரித்தார். அவள் காட்டிய விரிசல்களை என்ஜினியர் குறித்துக்கொண்டார். இவற்றைச் சொல்லியே விலையைக் குறைக்கலாமே என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

சாயா குடிக்காமல் அவள் விடவில்லை. டம்ளரை நீட்டிக்கொண்டே, "மழைக்கு முன்னாடி சரியாயிருமா சேச்சி?" என்று கேட்டாள்.

"ஆயிரும்" என்றேன்.

அது பொய்யில்லை. மழைக்கு முன் கூரையை மாற்றத்தான் போகிறேன். அதன் கீழே தூங்கப்போவது நான்.

நாளை நானே போய் அவளிடம் சொல்ல வேண்டும். சொன்னால் காலி செய்ய மாட்டேன் என்பாள். அவள் காலி செய்யாமல் வங்கி கடன் தராது. போவேனா என்று தெரியவில்லை.

சாயாவில் எனக்காக ஏலக்காய் தட்டிப் போட்டிருந்தாள்.