வெள்ளிக்கிழமை போணி

எர்ணாவூர்
3.8.2025

அன்புள்ள தஸ்னீமுக்கு,

அம்மு எழுதுகிறேன். மூன்று வருடம் கழித்து என் கையெழுத்தைப் பார்த்துப் பயந்துவிடாதே. உன் பழைய நம்பர் உபயோகத்தில் இல்லை என்கிறது. தண்டையார்பேட்டை வீட்டு விலாசம் மட்டும் மனப்பாடமாக இருந்தது. நோன்புக் கஞ்சி குடிக்க எத்தனை முறை வந்திருப்பேன்! அம்மா சுகமா? உன் தம்பி சுஹைபுக்கு வேலை கிடைத்ததா?

எனக்குக் கல்யாணம். செப்டம்பர் 14. மாப்பிள்ளை ஜெகதீசன், காசிமேட்டில் விசைப்படகு ஓட்டுகிறார். கோபம் வந்தால் சாப்பிடாமல் படுத்துக்கொள்வாரே தவிர கை நீட்ட மாட்டார் என்று அவர் அம்மா குணசுந்தரி சொல்கிறார். பார்க்கலாம்.

எங்கள் வழக்கம்தான் உனக்குத் தெரியுமே. முகூர்த்தப் புடவை எடுக்க மாப்பிள்ளை வீட்டார் குப்பத்தில் பாதியைக் கூட்டிக்கொண்டு கிளம்புவார்கள். எந்தக் கடை என்று கேட்டார்கள். எம்.சி. ரோட்டில் நாம் சேர்ந்து வேலை பார்த்த கடையைச் சொன்னேன். நீ இன்னும் மூன்றாவது மாடி பட்டு செக்‌ஷனில்தானே? சூப்பர்வைசர் இன்னும் பாலகணேஷ்தானே? முதலாளி எந்தக் கிழமை மாடிக்கு வருகிறார்? நீ எடுத்துக் காட்டினால்தான் வாங்குவேன். அரக்கு நிறம், மாங்காய் பார்டர்.

கடைப் பெண்கள் உட்கார ஸ்டூல் போட வேண்டும் என்று சட்டம் வந்ததே, உங்களுக்கு ஸ்டூல் வந்ததா?

உன்
அம்மு


தண்டையார்பேட்டை
9.8.2025

என் அம்முவுக்கு,

உன் கடிதத்தை வாசல்படியில் நின்றே படித்துவிட்டேன். அழுதேன். அம்மா ஏதோ பேங்க் நோட்டீஸ் என்று பயந்துபோனாள். இப்போது வீட்டுக்கு ஒரே போன். அதுவும் சுஹைப் கையில். கடைக்குள் எப்படியும் போன் கூடாது. அதனால் கடிதமே எழுது.

ஸ்டூல் வந்தது. ஆபீசர் வந்த அன்று போட்டோ எடுத்தார்கள். இப்போது அதன்மேல் சாம்பிள் புடவைகளை அடுக்கி வைத்திருக்கிறோம். புடவை உட்கார்ந்திருக்கிறது, நாங்கள் நிற்கிறோம்.

முதலாளி வெள்ளிக்கிழமை காலை மாடிக்கு வருகிறார். பூஜை முடித்து, முதல் போணி ஆகும் வரை அங்கேயே உட்கார்ந்திருப்பார். முதல் பார்ட்டி வாங்காமல் இறங்கிவிட்டால் அன்றைக்கு முழுக்க எங்கள் எல்லாருக்கும் அர்ச்சனைதான். அதனால் வெள்ளி காலை முதல் ஆளாக வா. ராணி மாதிரி கவனிப்பார்கள். பாலகணேஷ் சாரே காபி கொண்டு வந்து கொடுப்பார்.

அரக்கு வேண்டாம்டி. உன் நிறத்துக்கு எடுக்காது. மயில் கழுத்து நிறத்தில் புதிது வந்திருக்கிறது. ஒன்றை உனக்காக அடியில் மறைத்து வைக்கிறேன்.

அன்றைக்கு நடந்ததைப் பற்றி எழுதி எழுதி மூன்று தாளைக் கிழித்துவிட்டேன். நேரில் பேசலாம்.

உன்
தஸ்னீம்


எர்ணாவூர்
14.8.2025

தஸ்னீமுக்கு,

ஆவணி பிறந்ததும், 22ஆம் தேதி வெள்ளி காலை, கடை திறக்கும்போது வாசலில் நிற்போம். பெண்கள் மட்டும் இருபத்து மூன்று பேர்.

அரக்கு எனக்கு எடுக்காது என்று எப்படித் தெரியும்? அரக்கில் ஒரு புடவை தொலைந்தது என்றுதானே என் பையைத் தரையில் கொட்டினார்கள்? ஸ்டாக் ரூம் கதவைச் சாத்திக்கொண்டு என் பாவாடை வரைக்கும் உதறிப் பார்த்தார்கள்? அந்தப் புடவையை நான் தோளில் வைத்துக்கூடப் பார்த்ததில்லை. அந்த ஆசை இருக்காதா?

பாலகணேஷிடம் சொல், அம்மு எல்லாவற்றையும் மறந்துவிட்டாள் என்று.

அம்மு


தண்டையார்பேட்டை
24.8.2025

அம்முவுக்கு,

உன்னை எப்படி அழைத்து எழுதுவது என்று தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை நீங்கள் இறங்கிப் போன பிறகு மதியம் வரை மடித்தேன். அறுபத்து நான்கு புடவை. அதில் இருபத்தேழை என் தோளில் போட்டுக் காட்டச் சொன்னாய். வழக்கமாக ஒரு பார்ட்டிக்கு நாலைந்து போடுவோம். எனக்கு இன்னும் நிக்காஹ் பேச்சு வரவில்லை என்பது உனக்குத் தெரியும். இருபத்தேழு கல்யாணப் புடவையை, யூனிபார்முக்கு மேலே, கண்ணாடி முன்னால் என்னைப் போட வைத்தாய். உன் மாமியார், “இன்னாம்மா பொண்ணு, பொம்ம மாரி நிக்கிற? திரும்பிக் காமி” என்று சொன்னபோது எல்லாரும் சிரித்தார்கள். அவர் மேல் எனக்குக் கோபமில்லை, அவருக்கு ஒன்றும் தெரியாது. நீயும் சிரித்தாய்.

கடைசியில் அந்த அரக்குப் புடவை. அதை நீ தொடவே இல்லை. என் தோளில் அது இருக்கும்போதே எழுந்து, “ஒண்ணும் புடிக்கல அத்த. எதுத்தாப்ல இன்னொரு கடை கீது, வாங்க போலாம்” என்றாய். பாலகணேஷ் சாரைப் பார்த்துச் சொல்லியிருந்தால்கூடப் புரிந்துகொண்டிருப்பேன். என்னைப் பார்த்துச் சொன்னாய்.

முதலாளி எழுந்து வந்தார். பாலகணேஷ் சார் உடனே, “இந்தப் பொண்ணுக்கு ராசி இல்ல மொதலாளி. இவள போணிக்கு நிறுத்தாதீங்கன்னு எத்தினி வாட்டி சொன்னேன்” என்றார். எங்கள் மாடிப் பெண்கள் பதினோரு பேருக்கும் அன்று மதியச் சாப்பாட்டு நேரம் கிடையாது. அதில் ஒருத்தி ஐந்து மாதக் கர்ப்பிணி. அவளும் நின்றாள்.

நீ அவரைப் பழிவாங்க வந்தாய் என்று நினைத்தேன். அவர் மேல் ஒரு தூசிகூட விழவில்லை. நான் உனக்கு என்னடி செய்தேன்?

தஸ்னீம்


எர்ணாவூர்
28.8.2025

தஸ்னீம்,

என்ன செய்தாய் என்று கேட்டிருக்கிறாய். நல்லவேளை, கேட்டாய்.

போன பொங்கலுக்கு ராயபுரத்தில் இக்னேஷியஸ் அண்ணனைப் பார்த்தேன். நம் கடை வாசலில் பை சோதிக்கிறாரே, அவர்தான். குடித்திருந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். “உன்னியப் பாத்தா எனுக்கு சோறு எறங்கமாட்டுதும்மா. அன்னிக்கு அந்தப் பொடவ பார்சல் என் கண்ணு முன்னாலதான் வெளிய போச்சு. பாலகணேசு பைக்ல வெச்சாங்கோ. பில்லு இல்ல. கேட்டா சோத்துல கைவெப்பான்னு வுட்டுட்டேன்” என்றார். யார் கொண்டுபோய் வைத்தது என்று கேட்டேன். முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு உன் பெயரைச் சொன்னார்.

அவன் திருடன். திருடன் திருடுவான். அவனிடம் எனக்கு என்ன எதிர்பார்ப்பு? ஸ்டாக் ரூமிலிருந்து நான் வெளியே வந்தபோது முதலாளி உன்னைக் கேட்டார், “உனுக்கு எதுனா தெரியுமா?” என்று. நீ தரையைப் பார்த்துக்கொண்டு, “தெரியாது சார்” என்றாய். என்னோடு ஒரே டப்பாவில் சாப்பிட்டவள் நீ. எதுவும் கிடைக்காமலேயே அன்றைக்கே என்னை வேலையை விட்டு நிறுத்தினார்கள். அதன் பிறகு குப்பத்தில் இரண்டு வருடம் என்னைத் திருடி என்றார்கள். இரண்டு வரன் அந்தப் பேச்சால் திரும்பிப் போனது. குழாயடியில் என் குடத்தைத் தள்ளி வைத்தார்கள். தெரியுமா?

தோளில் இருபத்தேழு புடவை போட்டதற்கே அழுகிறாயே. நான் சுமந்தது ஒரே புடவை. அதுவும் போடாத புடவை.

அந்தக் கர்ப்பிணிப் பெண்ணுக்காக மட்டும் வருந்துகிறேன். அவளிடம் சொல். உனக்காக வருந்தவில்லை.

அம்மு


தண்டையார்பேட்டை
2.9.2025

அம்முவுக்கு,

ஆமாம். நான்தான்.

பாலகணேஷ் பார்சல் கட்டிக்கொடு என்றார், கட்டினேன். கீழே பைக்கில் வை என்றார், வைத்தேன். முதலாளி வீட்டுக்குப் போகிறது என்று சொன்னார், நம்பினேன். உன் பையைக் கொட்டியபோதுதான் புரிந்தது. வாயைத் திறந்தால் பார்சல் கட்டியவள் நான் என்று ஆகும். அப்பா இறந்து நாற்பது நாள்கூட ஆகவில்லை. இது சமாதானம் இல்லை. நடந்தது இதுதான்.

உன் கடிதம் நேற்றுக் காலை வந்தது. அதைப் பையில் வைத்துக்கொண்டே கடைக்குப் போனேன். முதலாளி முன்னால், மாடிப் பெண்கள் எல்லாரும் கேட்க, பாலகணேஷ் பெயரோடு சொல்லிவிட்டேன். முதலாளி ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். “மூணு வருசமா இன்னா பண்ணிக்கினு இருந்தே?”

பாலகணேஷ் அவருக்கு மச்சான் முறை. அவர் அங்கேயேதான் இருக்கிறார். என்னைக் கணக்கு முடித்து அனுப்பிவிட்டார்கள். வாசலில் என் பையைச் சோதிக்கச் சொல்லி பாலகணேஷே மேலேயிருந்து கத்தினார். இக்னேஷியஸ் அண்ணன் பையை வாங்கினார். திறக்கவில்லை. சும்மா கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

அந்தக் கர்ப்பிணிப் பெண்ணிடம் நீ சொன்னதைச் சொன்னேன். “அந்தக்கா செஞ்சது கரெக்டு. ஆனா ஆளு மாறிப்போச்சு” என்றாள்.

மன்னிப்புக் கேட்கவில்லை. உன் கல்யாணம் நன்றாக நடக்கட்டும். இதற்கு நீ பதில் எழுத வேண்டாம்.

தஸ்னீம்


எர்ணாவூர்
6.9.2025

அடியே தஸ்னீம்,

பதில் எழுத வேண்டாம் என்று சொல்ல நீ யார்?

சொன்னாய், சரி. மூன்று வருடம் கழித்துச் சொன்னாய். எனக்குப் போதவில்லை. போதும் என்று எழுதினால் பொய். ஆனால் அந்தக் கர்ப்பிணிப் பெண் சொன்னதை இரண்டு நாளாக மென்றுகொண்டிருக்கிறேன்.

என் முகூர்த்தப் புடவையை எதிர்க்கடையில் எடுத்தாயிற்று. மயில் கழுத்து நிறம். யார் சொல்லி எடுத்தேன் என்று அங்கே யாருக்கும் தெரியாது.

நாத்தனாருக்கு எடுக்க வேண்டிய பட்டுப் புடவை பாக்கி இருக்கிறது. வருகிற புதன்கிழமை, பத்தாம் தேதி, கடை திறக்கும்போது உன் கடை வாசலுக்கு வா. உன் கடை இல்லை இப்போது, இருந்தாலும் வா. உன்னிடம் இருப்பதில் நல்ல சுடிதாரைப் போட்டுக்கொண்டு வா. நீ எங்கள் பார்ட்டி. எந்தக் கிழமையானாலும், போணி பார்ட்டியில் ஒருத்தியை வெளியே நில் என்று எந்த முதலாளியும் சொல்ல மாட்டான். சோபாவில் என் பக்கத்தில் உட்காரு. கால் மேல் கால் போட்டுக்கொள். காபி வரும், ஆற அமரக் குடி.

பெண்கள் யாரும் எங்களுக்குக் காட்ட வேண்டாம், சூப்பர்வைசரே காட்டட்டும் என்று என் மாமியார் சொல்வார். எல்லாவற்றையும் அவரிடம் சொல்லிவிட்டேன். “அந்தக் கம்னாட்டிய அன்னிக்கே காட்டியிருக்கலாமேடி” என்று என்னைத்தான் திட்டினார். பாலகணேஷ் ஒவ்வொன்றாகப் பிரித்து, தோளில் போட்டு, கண்ணாடி முன்னால் திரும்பிக் காட்டுவான். எத்தனை என்பதை நீ முடிவு செய். என் எண்ணிக்கை இருபத்தேழு. உன்னுடையது வேறாக இருக்கலாம்.

கடைசியில் வாங்குவோம். மாடிப் பெண்களுக்குப் போணி கெடக்கூடாது. அரக்கு நிறம், மாங்காய் பார்டர், ஒன்று. பில்லோடு. பில்லையும் புடவையையும் உன் கையில்தான் கொடுப்பேன். இக்னேஷியஸ் அண்ணன் முன்னால், எல்லாரும் பார்க்க, நீ பையைத் திறந்து காட்டிவிட்டு வெளியே வா.

மன்னித்துவிட்டேன் என்று இதில் எங்கேயும் எழுதவில்லை, கவனி. கல்யாணப் பத்திரிகையும் இதில் இல்லை. புதன்கிழமை நீ எத்தனை புடவை பிரிக்கச் சொல்கிறாய் என்று பார்த்துவிட்டுத் தருகிறேன்.

ஒன்பதே கால். லேட்டாக வந்தால் வேறு பார்ட்டி முதலில் ஏறிவிடும்.

அம்மு