ரூபாயிலேயே போடு

நவம்பர் 24, திங்கள்

பேத்தி பெனிஷா இங்கிலாந்து ஆஸ்பத்திரியில் ஒரு வார்டு முழுவதையும் பார்க்கிற நர்ஸ் ஆகிவிட்டாள். அவள் தம்பி பெவினுக்குக் கப்பல் ஏஜென்சியில் சம்பளம் உயர்ந்திருக்கிறது. பெனிஷாவின் மகன் நான்காம் மாதத்திலேயே குப்புற விழுந்துவிட்டான். அந்த ஊர் டாக்டரே ஆச்சரியப்பட்டாராம். நான் ஐந்தாம் வகுப்பு. பெவின் பெண்டாட்டி ஜெஸ்மி பி.காம்., முதல் வகுப்பு. அந்தப் பெருமை அவள் அம்மா வீட்டுக் கணக்கு.

கொள்ளுப்பேரனுக்குத் தள்ளுவண்டி என் பணத்தில்தான். மகன் செல்வதுரை தருகிறேன் என்றான். வேண்டாம் என்றேன். மில்லர்புரத்து வீட்டின் மாடி வாடகை பாங்கில் சும்மாதானே கிடக்கிறது.

நவம்பர் 25

வாங்கியாயிற்று. இங்கிலாந்துக் கடை, ஆன்லைனில். நேரே பெனிஷா வீட்டில் இறக்கிவிடுவார்கள். முந்நூறு பவுண்டு. பேப்பரில் பவுண்டு 118, ஆக 35,400. ஜெஸ்மி தன் போனில் என் கார்டு நம்பரை அடித்தாள். பவுண்டில் கொடுக்கிறீர்களா, ரூபாயிலா என்று அந்தக் கடையே கேட்டது. மரியாதையான கடை. பவுண்டிலேயே போடுவோம், ரூபாய் என்றால் கூடும் என்றாள் ஜெஸ்மி. நம் பணம் இருக்கும்போது அவர்கள் பணம் எதற்கு? "ரூவாயிலயே போடுளா" என்றேன்.

நவம்பர் 26

பாங்கிலிருந்து என் போனுக்குச் செய்தி. 37,200 எடுத்திருக்கிறார்கள்.

நவம்பர் 28

இன்னொரு செய்தி. 1,536. எதற்கென்று இல்லை. ஜெஸ்மியிடம் கேட்டால் பாங்கு பிடித்தது என்கிறாள். ரூபாயில் கொடுத்ததற்குப் பாங்கு எதற்குப் பிடிக்கும்? இந்த வாரம் அவள் காலில் புதுச் செருப்பு. நான் பார்க்காமலா இருக்கிறேன்?

கேட்டுவிட்டேன். பெவின் இருக்கும்போதே, செல்வதுரை இருக்கும்போதே. "எங் கார்டுலயாளா வாங்குன?"

அவள் தன் காலைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

நவம்பர் 29

ஜெஸ்மி நாசரேத்துக்கு, அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். புதுச் செருப்பை வாசலிலேயே விட்டுப் போயிருக்கிறாள்.

டிசம்பர் 2

பெவின் வருகிறான், சாப்பிடுகிறான், தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போகிறான். அவள் எப்போது வருவாள் என்று கேட்டேன். "அவளா வரமாட்டா ஆச்சி" என்றான். இன்று குழம்பில் உப்புப் போட மறந்துவிட்டேன். அதைக்கூட அவன் சொல்லவில்லை.

டிசம்பர் 7, ஞாயிறு

சர்ச்சில் திருவிருந்து ஆராதனை. மனத்தாங்கலோடு அதை எடுக்கக் கூடாது என்பார்கள். போகவில்லை. மூட்டு வலி என்று சொன்னேன். மூட்டு நன்றாகத்தான் இருக்கிறது.

டிசம்பர் 9

வீட்டில் இருக்க முடியாமல், துறைமுகம் போகிற வழியில் இருக்கும் நம் பேக்கரிக் கடையில் போய் உட்கார்ந்திருந்தேன். பிலிப்பைன்ஸ் கப்பல்காரர் ஒருவர் மக்ரூன் வாங்க வந்தார். கையில் ரூபாயும் இருந்தது, டாலரும் இருந்தது. செல்வதுரை டாலரில் விலை சொன்னான். ரேட்டு நம் ரேட்டு. பேப்பரில் இருப்பதைவிடக் குறைத்துத்தான் டாலரை எடுப்போம். என் வீட்டுக்காரர் காலத்திலிருந்து அப்படித்தான். தங்கள் பணத்தில் விலை கேட்டால் அவர்களுக்கு நிம்மதி, கணக்குப் பார்க்க மாட்டார்கள். இவரும் கொடுத்துவிட்டு இரண்டு தடவை நன்றி சொல்லிப் போனார்.

அந்த இங்கிலாந்துக் கடைக்கு நான்தான் கப்பல்காரி.

வரும் வழியில் பாங்கில் கேட்டேன். கடை வெளிநாட்டில் இருந்தால், ரூபாயில் கொடுத்தாலும் அவர்கள் மூன்றரை சதவீதம் பிடிப்பார்களாம். பிடித்ததற்கு வரி வேறு. அதுதான் 1,536. ஜெஸ்மி சொன்னதும் இதையேதான்.

டிசம்பர் 10

நாசரேத் போனேன். ஜெஸ்மியின் அம்மா வேதமணி டீச்சர் காப்பி கொடுத்தார். செருப்பு ஜெஸ்மியின் பிறந்தநாளுக்கு அவர் எடுத்துக் கொடுத்ததாம். நான் கேட்கவில்லை, அவராகவே சொன்னார். பையிலிருந்து செருப்பை எடுத்து ஜெஸ்மி முன்னால் வைத்தேன்.

"ஒங்கம்மா முன்னால சொல்லுதேன். நீ எடுக்கல. நாந்தான் தப்பாப் பேசிட்டேன்."

அவள் செருப்பை ஓரமாக நகர்த்தி வைத்தாள். பிறகு, "அன்னைக்கே பவுண்டுலயே போடுவோம்னு சொன்னேம்லா ஆச்சி" என்றாள்.

"சொன்ன."

"இப்ப என்ன சொல்லுதீங்க?"

"பஸ்ஸுக்கு நேரமாச்சு."

வேதமணி டீச்சர் சிரித்தார். ஜெஸ்மி சிரிக்கவில்லை. தனியாகத்தான் திரும்பினேன்.

டிசம்பர் 13

பெவின் போய்க் கூட்டி வந்துவிட்டான். காலில் அதே செருப்பு. என்னோடு இன்னும் பேச்சு இல்லை.

டிசம்பர் 14

"ஆச்சி, மாத்திரை போட்டாச்சா?" என்றாள். போட்டிருந்தேன். இல்லை என்றேன். எடுத்து வந்து தந்தாள். வாங்கித் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டேன்.

டிசம்பர் 19

பெனிஷா போனில் பேசினாள். வண்டி வந்துவிட்டது. ஏற்றியதும் பிள்ளை தூங்கிவிடுகிறானாம். எவ்வளவு ஆயிற்று என்று கேட்டாள். ஜெஸ்மி பக்கத்தில்தான் இருந்தாள். சத்தமாகவே சொன்னேன்: ஜெஸ்மி பேச்சைக் கேட்டிருந்தால் ஆயிரத்து எண்ணூறு மிச்சமாகியிருக்கும், மற்றது எப்படியும் பாங்குக்குத்தான்.

போனில் வருவதெல்லாம் எனக்குப் போட்டோ இல்லை. வண்டியில் பிள்ளையை வைத்துப் புதிதாக ஒன்று எடுத்து, பிரிண்ட் போட்டு, தபாலில் அனுப்பச் சொன்னேன். கவரின் மேல் ஜெஸ்மி பெயரை எழுதச் சொன்னேன். அவள் பிரிக்கட்டும்.