புங்கிலிருந்து தைலமரத்துக்கு

ஜனவரி 18, 2024
தைலமர இலை முடிச்சிலிருந்து வந்த ஒட்டுண்ணிக் குளவியும், புங்க முடிச்சில் வளரும் நம்மூர்க் குளவியும் ஒரே மரபுக் கிளை என்கிறது டி.என்.ஏ. எள்ளைவிடச் சிறியது; பூச்சி முட்டையிட்ட இடத்தில் இலை புடைத்து உருவாகும் முடிச்சுக்குள் இருக்கும் புழுவைத் தின்று வளர்கிறது. தைலமரம் வெளிநாட்டான். அதன் முடிச்சுப் பூச்சியும் பின்னாலேயே வந்தது. எத்தனையோ தலைமுறையாகப் புங்கையே அறிந்த குளவி அந்தப் புது வாசத்தை எப்படி நம்பியது? மாதக் கடைசியில் கட்டுரையை ஆய்விதழுக்கு அனுப்புகிறோம். என் ஆய்வேடே இதன்மேல்தான் நிற்கிறது.

ஜனவரி 21
ஆவூர். வாராவாரம் எனக்கு முடிச்சு இலை பறித்துத் தந்த ஜெயராணி சித்தி, சோறு போட்டுக்கொண்டே பெருமையாகச் சொன்னார்: "பஸ் ஸ்டாப்புக்கு வர்றதுக்குள்ள ஒன் எலை வாடிருமேன்னு மேல புங்கங்கொழையப் போட்டு மூடித்தான் கொண்டாருவேன். நீ வர்றதுக்கு முன்னாடி எடுத்துட்டு, வீட்டுக்குப் போயி ஆட்டுக்குப் போட்டுருவேன்."

கீரை விற்கிறவர். கீரைக் கட்டை அப்படித்தான் கொண்டுபோவார்.

அந்தக் குழையில் முடிச்சு இருந்திருந்தால்? அதிலிருந்து வந்த குளவிதான் என் இலைப் பைக்குள் தங்கியதா? அப்படியானால் புங்கிலிருந்து தைலமரத்துக்குத் தாவலே நடக்கவில்லை— "என்னைக் கேக்காம ஏன் சித்தி பண்ணுனீங்க, ஒரு வருஷ வேலை போச்சு"ன்னு கத்திட்டேன். சித்தி கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

ஜனவரி 22
சொல்லாமல் அனுப்பியிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. நெறியாளர் பிரகதீஸ்வரி மேடத்திடம் சொல்லிவிட்டேன். "நல்லவேளை, இப்பச் சொன்னே. அனுப்புன பெறகு சொல்லியிருந்தா ரெண்டு பேரும் ஒங்க சித்திகூடக் கீரை விக்கப் போயிருக்கணும்" என்றார். பிறகு, "ஒரு முடிச்சு, ஒரு குழாய். முதல்லேருந்து ஆரம்பி." திட்டவே இல்லை. அறைக்கு வந்துதான் அழுதேன்.

பிப்ரவரி 4
நானே பறித்தேன். ஒவ்வொரு முடிச்சையும் தனியாக வெட்டி, கண்ணாடிக் குழாயில் போட்டு, பஞ்சால் அடைத்தேன். சித்தி தள்ளி நின்று பார்த்தார். "நான் தொட மாட்டேம்மா." அதுதான் சுட்டது.

பிப்ரவரி 19
முடிச்சுப் பூச்சிகள் மட்டுமே வருகின்றன.

பிப்ரவரி 27
ஒரு குழாயில் குளவி. அதே மஞ்சள் கால். முடிச்சில் ஊசி குத்தியது போல ஒரு துளை. புங்க இலையே அண்டாத குழாய். வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 14
டி.என்.ஏ. முடிவு வந்தது: அதே கிளை. தாவியிருக்கிறது. இனி எவர் கேட்டாலும் பதில் உண்டு. சித்தி அன்று வாய்விட்டுச் சொல்லாமல் இருந்திருந்தால் இந்த நிம்மதி எனக்கு ஏது?

மார்ச் 17
குழாயோடு ஆவூர் போனேன். சித்தி அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இம்புட்டூண்டுதானா? இதுக்கா அன்னைக்கு அந்தக் கத்து கத்துனே?"

மன்னிப்புக் கேட்டேன். காதில் வாங்கியதாகவே தெரியவில்லை.

"அப்ப நான் ஒண்ணும் கெடுக்கலையே?"

"இல்ல சித்தி."

கிளம்பும்போது பையில் ஒரு கட்டு முளைக்கீரை வைத்தார். மேலே மூடப் புங்கங்குழையை எடுத்தவர், பாதியில் நிறுத்தி என்னைப் பார்த்தார்.

"போடுங்க சித்தி," என்றேன். "வெயிலா இருக்கு."