கிழக்கு வரிசையில் பத்தடி

உன் வீட்டு வாசலில் சுண்ணாம்பு நீற்றுகிறார்கள். காலையிலிருந்து அந்த நெடி தெருவைத் தாண்டி என் கூடத்துக்குள் வந்துகொண்டே இருக்கிறது. ஜன்னலைச் சாத்தினேன். எதற்குச் சாத்துகிறோம் என்று எனக்கே கேள்வி வந்ததும் மறுபடி திறந்துவிட்டேன். உன் மகள் முன்சுவரை எழுப்புகிறாள். இடுப்பளவு வந்துவிட்டது. பழைய அஸ்திவாரம் எங்கே இருந்ததோ, அதே இடத்தில்தான் கொத்தனார் நூல் பிடித்தார்.

நீ போய் இரண்டு வருஷம் ஆகிறது. நீ எதிர்வீட்டில் உட்கார்ந்திருந்தபோது சொல்லாததை, தபால்காரன் கொண்டுபோய்ச் சேர்க்க முடியாத கடிதத்தில் இப்போது எழுதுகிறேன். இதிலும் என் சௌகரியத்தைத்தான் பார்த்திருக்கிறேன், பார்த்தாயா?

சந்தை நாளில் உன் கயிற்றுக் கடை முன்னால் கால் வைக்க இடமிருக்காது. சேந்தமங்கலத்து ஆட்களும் எருமப்பட்டி ஆட்களும் புது மாட்டைப் பிடித்துக்கொண்டு நேரே உன்னிடம்தான் வருவார்கள். மூக்கணாங்கயிறு, தும்பு, சாட்டை, கழுத்து மணி என்று உன் வீட்டு முன்னறை முழுக்கத் தொங்கும். மணியை விற்பதற்கு முன்னால் மாட்டின் காதருகே ஆட்டிப் பார்ப்பாய். மாடு தலையை உதறினால் வேறு மணி எடுப்பாய். மாட்டுக்காரன் அவசரப்படுத்தினால், "கட்டிக்கிட்டு நடக்கப் போறது நீயா? அதுக்குப் புடிக்கோணுமப்பா" என்பாய். கடைக்கு எதிரே, என் வீட்டோடு சேர்ந்தாற்போல் என் கடலைக்காய் மண்டி. வியாபாரம் மந்தமான நேரத்தில் நான் உன் கடையில் இருப்பேன், இல்லாவிட்டால் நீ என் மண்டியில் இருப்பாய். உறவு ஒன்றும் கிடையாது. ஆனாலும் நீ என்னை மாப்பிள்ளை என்பாய், நான் உன்னை மச்சான் என்பேன். உன் மகளுக்கு நான் மாமா.

முனிசிபல் தேர்தலில் நான் நின்றபோது கடையை மூடிவிட்டு எனக்காகத் தெருத் தெருவாக அலைந்தாய். "என்ற மாப்ளைக்குப் போடுங்க. ஆளு கொஞ்சம் முசுடு. ஆனா பொய் பேசத் தெரியாது" என்று நீ சொன்னதைக் கேட்டுப் பலர் சிரித்தார்கள். சிரித்தவர்கள் எனக்கு ஓட்டும் போட்டார்கள்.

கவுன்சில் என்றால் பெரிய ராஜ்ய பரிபாலனம் என்று நீ நினைத்திருந்தாய். உள்ளே போய்ப் பார்த்த பிறகு உனக்கு வந்து கதை சொல்வேன். பட்ஜெட் கூட்டத்தில் குப்பை வண்டி மாட்டுக்குத் தீனிச் செலவு அதிகம் என்று ஒருவர் எழுந்திருப்பார். தன் தெருவுக்கு ஒரு விளக்குக் கம்பம் போட்டால் அந்த மாடு எவ்வளவு தின்றாலும் சம்மதம் என்று அவரே உட்கார்ந்துவிடுவார். நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாய். அந்தக் கதைகளில் நான் மட்டும் எப்போதும் யோக்கியனாக இருப்பேன்.

அந்த வருஷம் கடைவீதியை அகலப்படுத்தச் சர்க்காரிடமிருந்து மானியம் வருவதாக இருந்தது. சந்தை நாளில் வண்டியோடு வண்டி சிக்கி நம் தெரு படும் பாடு உனக்குத் தெரியாததல்ல. தெருவின் எல்லைக் கோட்டை முதலில் கவுன்சில் வரைபடத்தில் போட்டாக வேண்டும், அதற்குப் பிறகுதான் மானியம் என்றார்கள். கோடு விழுந்துவிட்டால் அதற்குள் புதிதாக ஒரு கல்கூட வைக்கக் கூடாது. இடிந்து விழுந்ததைத் திரும்பவும் கட்டக் கூடாது. சட்டம் அப்படி.

ஓவர்சியர் சங்கிலி போட்டு அளந்துவிட்டு என் மண்டிக்கு வந்து உட்கார்ந்தார். "பத்தடி வேணுமுங்க. ரெண்டு பக்கமும் அஞ்சஞ்சு அடி எடுத்தா ரெண்டு பக்கத்துக்கும் நஷ்டஈடு குடுக்கோணும். நம்ம பட்ஜெட் தாங்காதுங்க. ஒரே பக்கமா எடுத்துக்கலாம். எந்தப் பக்கமுங்க?" என்றார். என் மேற்கு வரிசையா, உன் கிழக்கு வரிசையா என்பதுதான் கேள்வி. என் வீட்டு முகப்பில் கல்தூண் நிறுத்தி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அவர் கண்ணும் அந்தத் தூண்களின்மேல்தான் இருந்தது.

"கெழக்கு வரிசை பூரா மண்ணுச் சொவருதானுங்களே. நஷ்டஈடு கொறைச்சலாத்தான் ஆகும்" என்றேன்.

அவர் தலையாட்டிக்கொண்டு பென்சிலை எடுத்தார். நான் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. உன் சுவர் மண் சுவர்தான், நஷ்டஈடும் குறைவுதான். ஊர்ப் பணத்தை மிச்சம் பிடித்தேன் என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் அந்த நேரத்தில் ஊரும் பட்ஜெட்டும் என் நினைவில் இல்லை. தூண்கள்தான் இருந்தன.

தமுக்கு அடித்தார்கள். வரைபடத்தை ஆபீஸ் சுவரில் ஒட்டி, ஆட்சேபணை உள்ளவர்கள் ஒரு மாதத்துக்குள் எழுதித் தரலாம் என்று அறிவித்தார்கள். அந்த மாதத்தில் ஒரு மத்தியானம் ஒரு முழுத்தாளைக் கையில் பிடித்துக்கொண்டு நீ மண்டிக்குள் வந்தாய். அதில் இன்னும் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

"மாப்ளே, மனு எழுதறவரு ஒண்ணு சொல்றாரு. ரெண்டு பக்கமும் பாதிப் பாதி எடுங்கன்னு எழுதிப் போட்டா, அவுங்க விசாரிச்சுத்தான் ஆவோணுமாம். அஞ்சடி போனா எனக்குக் கடை மிஞ்சும். ஆனா நீ கவுன்சில்ல உக்காந்திருக்கறப்ப நான் எதிர்க்க மனுப் போட்டா நல்லாவா இருக்கும்? அதுதான் உன்னைய ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போலாம்னு வந்தன்."

நம் பக்கத்தில் இது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குத் தெரியாதா? வேண்டியவன் உட்கார்ந்திருக்கும் சபைக்குக் காகிதம் எழுதுவது, இனி உன் வீட்டில் கை நனைக்க மாட்டேன் என்று சொல்வதற்குச் சமம். சட்டம் உனக்கு ஒரு மாத அவகாசம் கொடுத்திருந்தது. நீ என் முகத்துக்காக அதை விட்டுக்கொடுக்கத் தயாராக வந்து நின்றாய். "எழுது மச்சான், நான் ஒன்றும் நினைக்க மாட்டேன்" என்று சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது.

"நாந்தான் உள்ள இருக்கறனே. காயிதம் எதுக்கு?" என்றேன்.

"அதானே!" என்று சிரித்தாய். உனக்கு அப்பாடா என்று இருந்தது, முகத்திலேயே தெரிந்தது. கடைக்குத் திரும்பிப் போய், காத்திருந்த ஒருவருக்கு அந்தத் தாளிலேயே மணி ஒன்றைச் சுற்றிக் கொடுத்தாய். நான் இங்கிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

தீர்மானம் வந்த அன்று, சொந்த வீடு இருக்கும் தெரு என்பதால் விவாதத்தில் கலந்துகொள்ள மாட்டேன் என்று சொல்லிவிட்டு வராந்தாவுக்குப் போனேன். விதியும் அதைத்தான் சொல்கிறது. வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டு கால் மணி நேரம் நின்றேன். உள்ளே கைகள் உயர்ந்தன. சேர்மன் என்னைத் திரும்ப அழைத்து, இப்படியல்லவா இருக்க வேண்டும் என்று பாராட்டினார். அடுத்த சந்தையில் நீயும் ஆரம்பித்துவிட்டாய். "சொந்தத் தெருன்னு எந்திரிச்சு வெளிய போயிட்டான் பாரு! ஆரு போவா?" உன் முன்னறை போகப் போகிறது என்று தெரிந்த பிறகும் இதைச் சொல்லிக்கொண்டு திரிந்தாய். கோடு தானாகவே அந்தப் பக்கம் விழுந்துவிட்டது என்றுதான் நினைத்தாய்.

பிறகு யுத்தம் வந்தது. மானியம் நின்றுபோனது. தெரு ஒரு விரல்கடைகூட அகலமாகவில்லை, யாருக்கும் நஷ்டஈடும் வரவில்லை. கோடு மட்டும் வரைபடத்திலேயே இருந்தது. ஒரு ஐப்பசி மழையில் உன் முன்சுவர் ஊறிச் சரிந்தது, கூரை ஓடும் கூடவே இறங்கியது. திரும்பக் கட்ட அனுமதி கேட்டு அப்போதுதான் முதல் தடவையாகக் காகிதம் எழுதினாய். கோட்டுக்குள் இருப்பதால் முடியாது என்று பதில் வந்தது. மறு வருஷமும் கேட்டாய். அதற்கு அடுத்த வருஷமும் கேட்டாய்.

அந்த மனுக்கள் வந்த கூட்டங்களில் நான் வெளியே போகவில்லை. "உங்க சிநேகிதருங்க. என்ன சொல்றீங்க?" என்று ஒரு மெம்பர் என்னையே கேட்டார். கோட்டை ரத்து செய்யுங்கள் என்று நான் ஒரு வார்த்தை சொன்னால் செய்திருப்பார்கள். ஆனால் அந்தப் பேச்சை எடுத்தால், முதலில் ஏன் கிழக்குப் பக்கம் என்று யாராவது கேட்பார்கள். ஓவர்சியர் மாற்றலாகிப் போயிருந்தார், போனவர் திரும்பி வந்து என் பெயரைச் சொல்லக்கூடும். "ரூல்ஸ்படி பாருங்க. சிநேகிதன்னு நான் பேசுனா நல்லா இருக்காது" என்றேன். மறுபடியும் என்னைப் பாராட்டினார்கள்.

நீ வாசலில் மூங்கில் நட்டு, தட்டி வேய்ந்து, அதன் கீழ் கயிறுகளைத் தொங்கவிட்டாய். வெயிலில் நார் வெளுத்தது, சாரலில் பூஞ்சை பிடித்தது. வாடிக்கை குறையக் குறைய, அந்த வயதில் கயிற்றுக் கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு சேந்தமங்கலம் சந்தைக்கு நடந்தாய். வீட்டுக்குள் மறைப்பில்லாததால் உன் மனைவியும் மகளும் சாக்குப் படுதாவுக்குப் பின்னால் சமைத்தார்கள். அந்தப் பந்தலையும் பிரிக்கச் சொல்லி ஒரு நோட்டீஸ் வந்தது. அதை மட்டும் நான் சொல்லி நிறுத்தினேன். அதற்கு நீ என் கையைப் பிடித்துக்கொண்டாய். "நீ இருக்கறங்காட்டித்தான் பந்தலையாவது உட்டு வெச்சிருக்கறாங்க மாப்ளே" என்றாய். என் கன்றுக்குட்டிக்கு ஒரு மணிச்சரம் கொண்டுவந்து கொடுத்தாய். நான் வாங்கிக்கொண்டேன்.

காய்ச்சலில் நீ படுத்தது நான்கு நாள்தான். மோகனூர் ஆற்றில் உன் அஸ்தியைக் கரைத்தபோது உன் மருமகன் பக்கத்தில் நானும் இடுப்பளவுத் தண்ணீரில் நின்றேன். அன்று அழுதேன். அழுததில் துக்கம் எவ்வளவு, இனி நீ கண்டுபிடிக்க மாட்டாய் என்ற நிம்மதி எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

அதன் பிறகு கோட்டை ரத்து செய்யும் தீர்மானத்தை நானே கொண்டுவந்தேன். நீ இல்லாத பிறகு எனக்கு வீரம் வந்துவிட்டது. ஒருவரும் எதிர்க்கவில்லை. ஏன் கிழக்குப் பக்கம் என்று ஒருவரும் கேட்கவில்லை. இத்தனை வருஷம் நான் பயந்த கேள்வி அது, யாருக்குமே அது தோன்றவில்லை.

போன வாரம் உன் மகள் கட்டட அனுமதியை வாங்கிக்கொண்டு ஆபீசிலிருந்து நேரே என் வீட்டுக்கு வந்தாள். நன்றி சொல்லத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். அதையும் சொன்னாள். பிறகு போகாமல் நின்றாள்.

"மாமா, ஒண்ணு கேக்கோணுமுங்க. ஆபீசுல பழைய காயிதக் கட்டை எடுத்துக் காட்டுனாங்க. கோடு போடறதுக்கு முந்தி ஒரு மாசம் டைம் குடுத்திருக்கறாங்க. ஆட்சேபணை ஒண்ணும் வரலைன்னு எழுதியிருக்குது. எங்கப்பா ஏனுங்க ஒரு வரி கூட எழுதிப் போடலை?"

அவள் என்னைச் சந்தேகப்பட்டுக் கேட்கவில்லை. தெரிந்தவர் நான் ஒருவன்தான் மிச்சம் என்று கேட்டாள். சொல்வதற்கு இதைவிட நல்ல சமயம் எனக்குக் கிடைத்திருக்காது.

"உங்கப்பனுக்கு எப்பவுமே அசட்டை, கண்ணு. காயிதம்னாலே ஆகாது. எழுதிப் போடு மச்சான்னு நான் அப்பவே சொன்னன். கேக்கலை" என்றேன்.

"அப்பிடித்தானுங்க மாமா அவுரு. அந்த அசட்டைக்கு நானும் எங்கம்மாளும் எத்தனை வருசம் சாக்குக்குப் பொறகால கெடந்தோம்" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு படியிறங்கிப் போனாள். நேற்று கொத்தனாரிடமும் அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்கு இங்கே கேட்டது.

உன் கடையை எடுத்துக்கொண்டபோது நீ உயிரோடு இருந்தாய், எதிர்த்திருக்க முடியும். இது அப்படியில்லை. உன் மகளுக்கு என்மேல் வரவேண்டிய கோபத்தை உன் தலையில் வைத்துவிட்டேன், உன்னால் வாய் திறக்க முடியாது என்று தெரிந்தே வைத்தேன். இப்போது நான் சுமந்துகொண்டிருப்பது அந்த ஒரு வாக்கியத்தைத்தான். எழுதிப் போடு மச்சான் என்று நான் உன்னிடம் சொன்னதே இல்லை.

தெருவைக் கடந்தால் இருபது காலடி. அவள் இப்போது வாசலில்தான் நிற்கிறாள். நாளைக்குப் போய் உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுகிறேன் என்று இந்தக் கடிதத்தை முடிக்கலாம். முடித்தால் நீ நம்பிவிடுவாய். அதனால்தான் அதை எழுதவில்லை.