கெட்டவர்: ராக்கம்மா

புக்கிட் பெலண்டோக்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மருமகள் மாதவிக்கு,

மாமா முருகேசு எழுதுவது. இப்படித்தான் ஆகும் என்று நான் அன்றைக்கே சொன்னேன். தோட்டத்துக் கோயிலுக்கு ரசீது மெஷின் வந்து இறங்கியபோதே, இது தமிழுக்கு ஒத்துவராது என்று கமிட்டி முழுக்கக் கேட்கும்படி சொன்னவன் நான். அப்படி யாரும் சொன்னதாக ஞாபகம் இல்லை என்கிறார்கள். அவர்கள் ஞாபகம் அப்படி.

இங்கே உன் அத்தைக்கு முட்டிவலி, மற்றபடி சுகம். நீலாயில் நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா? போனை எடுக்க மாட்டேன் என்கிறாய், அதனால்தான் கடிதம்.

சனிக்கிழமைதோறும் வந்து, அந்த மெஷினுக்கென்று நீயே தமிழ் எழுத்துரு செய்தாய். ரசீதில் ‘பெயர்’ என்று நீ போட்டதை ‘கேட்டவர்’ என்று கௌரவமாக மாற்றச் சொன்னது என் மூளை. ‘கே’வின் மேல்சுழி அச்சில் விழாமல் ‘கெ’ ஆகும் என்று எந்த மூளைக்குத் தெரியும்?

புருஷனுக்கு ஆபரேஷன் என்று அர்ச்சனைக்கு வந்த ராக்கம்மா கையில் முதல் ரசீது. ‘கெட்டவர்: ராக்கம்மா.’ ஐந்நூறு பேர் சிரித்தார்கள். சரி, வரிசையில் நின்ற பதினைந்து பேர். அவள் சீட்டை மடித்துக்கொண்டு அர்ச்சனை செய்யாமலே போய்விட்டாள்.

அப்புறம் மூன்று வாரம் நீ பட்ட பாடு. பேப்பர் ரோலை மாற்றினாய், ஒயரை மாற்றினாய், மெஷின் எழுத்தைச் சுட்டுப் பதிக்கும் சூட்டைக் கூட்டிக் குறைத்தாய். கடைசியில் தலைவர் ஜீவானந்தன் எல்லார் முன்னாலும், “தமிழ் தெரியாதவங்க தமிழ்ல கை வைக்கக்கூடாதுலா” என்றார். தமிழ்ப்பள்ளியில் படித்த பிள்ளை, நீ லேப்டாப்பை மூடினாய். நான் பக்கத்தில் தேங்காய் எண்ணிக்கொண்டு நின்றேன்.

நேற்று லுக்குட் கடைத்தெருவில் ராக்கம்மாவைப் பார்த்தேன். புருஷன் தேறிவிட்டாராம். “அந்தப் புள்ள எதுக்கு என்னை அப்படி எழுதுச்சு?” என்று கேட்டாள். பஸ் வந்துவிட்டது என்று நழுவினேன்.

முதல் ரசீது அடிப்பதற்கு முன்பே நீ நீலாயிலிருந்து போனில் விளக்கினாய். திரையில் சாம்பல் நிறம் இடையில் நின்று எழுத்தை வழவழப்பாகக் காட்டும், மெஷினுக்குக் கறுப்பும் வெள்ளையும்தான். சின்ன எழுத்தில் எந்தப் புள்ளி கறுக்க வேண்டும் என்று எழுத்துக்குள்ளேயே குறிப்பு வைத்திருக்கிறேன், சரியா விழுதா என்று மெஷினில் அடித்துப் பாருங்கள் மாமா என்றாய். அடித்துப் பார்த்தேன், கண்ணாடி போடாமலே படித்தேன், சுழி ஒவ்வொன்றும் ஜாங்கிரி மாதிரி இருக்கிறது என்றேன். அதை நம்பித்தான் எழுத்தை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் நோண்டினாய்.

ராக்கம்மா வீட்டுக்கு நாளைக்கு நானே போகிறேன். இந்தத் தாளைத் தலைவரிடம் கொடுத்து, கமிட்டியில் சத்தமாகப் படிக்கச் சொல். அம்மன் உன்னை நல்லா வைத்திருக்கட்டும். முடிந்தால் ஒரு சனிக்கிழமை வா.

மாதவி, நான் மெஷினில் அடிக்கவே இல்லை. ரோல் மாட்டத் தெரியவில்லை, தெரியாது என்று உன்னிடம் சொல்ல வாய் வரவில்லை. நீ அனுப்பியதைப் போன் திரையில் பார்த்துவிட்டுத்தான் அப்படிச் சொன்னேன்.

உன் மாமா,
முருகேசு