மழையை விரட்டிய காற்றாடி

இன்று காலை ஆண்டிபட்டிப் பக்கம் நல்ல மழை. மண்வாசனை மூக்கில் ஏறியதும் குடையை எடுத்துக்கொண்டு காட்டுக்குப் போனேன். என் காட்டில், உன் வரப்பை ஒட்டி நிற்கிற காற்றாடி அது பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது. மழையும் அது பாட்டுக்குப் பெய்தது. "பாத்தியாடா?" என்று உன்னிடம் கேட்க வேண்டும் போல் இருந்தது. நீ போய் ஒன்றரை வருடம் ஆகிவிட்டது.

காற்றாலைக்காரர்களுக்கு நான் இடம் கொடுத்தபோது ஊரே வேடிக்கை பார்க்கத் திரண்டது. ஒற்றை இறக்கையை ஏற்றி வர அவ்வளவு நீள வண்டி. உன் சோளக்காட்டு ஓரத்தை மிதித்துக்கொண்டுதான் கிரேன் வந்தது. பெரிய மனிதன் ஆகிவிட்ட மிதப்பில் நான் அதைக் கவனிக்கவே இல்லை.

அடுத்த இரண்டு வருடமும் மழை ஏமாற்றியது. மானாவாரிக் காட்டுக்காரனுக்கு வானத்தை விட்டால் வேறு கதி ஏது? இறக்கை மேகத்தை வெட்டி விரட்டுகிறது என்று முதலில் சொன்னவன் நீ. ஊர் அதை அப்படியே பிடித்துக்கொண்டது.

மழைக்காக அம்மனுக்குப் பொங்கல் வைத்த அன்று டீக்கடையில் என்னிடம் வந்தாய். "ஏலே, இன்னைக்கு ஒரு நா மட்டும் அத நிப்பாட்டச் சொல்லு. எல்லாரும் அதத்தான் சொல்றாக."

"மேகத்த வெட்ட அதென்ன அருவாளா? ஒழுங்காப் பள்ளிக்கொடம் போயிருந்தா தெரியும்" என்றேன்.

வீட்டுக் கஷ்டத்தில் ஐந்தாம் வகுப்போடு நீ நின்றது, கூடப் படித்த என்னைவிட யாருக்குத் தெரியும்? கடையே சிரித்தது. பாதி டீயை வைத்துவிட்டுப் போனாய்.

அதோடு பேச்சு நின்றது. பிறகு நல்ல மழை வருடங்களும் வந்தன. காற்றாடியை ஊர் மறந்தே போனது. நீ மட்டும் என்னைக் கண்டால் வேறு பாதையில் போனாய். என் மகள் கல்யாணத்துக்குக்கூட வரவில்லை. "அவனுக்கு வீம்பு" என்று பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

தேனி ஆஸ்பத்திரியில் உன்னைச் சேர்த்திருந்தபோது உன் மகன் போன் செய்தான். "பெரியப்பா, அப்பா ஒங்களப் பாக்கணும்னு சொல்றாக." ஓடி வந்தேன்.

"காத்தாடி மழைய வெரட்டாதுன்னு எனக்கும் தெரியும்லே" என்றாய்.

"அப்புறம் ஏண்டா?"

"எங்காட்ட மிதிச்சு அம்புட்டுப் பெரிய சாமானக் கொண்டாந்து நட்ட. எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டியா? அதச் சொல்லிச் சண்ட போட வெக்கமா இருந்துச்சு. மேகத்தச் சொல்லிப் போட்டேன்."

உன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். மூன்றாம் நாள் நீ போய்விட்டாய்.

போன மாதம் சோலார் போட இடம் கேட்டு ஒருவர் வந்தார். "பக்கத்துக் காட்டுக்காரங்க பயப்படுவாங்க சார், நாங்க விளக்கிச் சொல்லிக்கிறோம்" என்றார்.

"விளக்குறது அப்புறம். மொதல்ல கேக்கணும்" என்று சொல்லிவிட்டு நானே உன் வீட்டுக்கு நடந்தேன்.

உன் மகன் சிரித்தான். "ஒங்க எடத்துல போடுறதுக்கு எதுக்குப் பெரியப்பா எங்கிட்டக் கேக்குறீக?"

உன்னிடம் கேட்டிருக்க வேண்டியதை அவனிடம் கேட்டுவிட்டு, உன் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தேன்.